நீலத்திரையில் நின்ற மில் லேப்டாப்பும் அவசர பூட் பென்டிரைவும்

சென்ற குறுவை அறுவடையின்போது, ஒரு 16-ஆம் தேதி காலையில், பாபநாசம் அருகே அரவை மில் நடத்தும் என் தாய்மாமா தொலைபேசியில் அழைத்தார். முந்தைய இரவு மின்சாரம் போன நேரத்தில் மில் அலுவலகத்து லேப்டாப்பில் விண்டோஸ் 10 தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதன் பேட்டரி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போய், லேப்டாப் முழுக்க முழுக்கப் பிளக்கை நம்பியே ஓடிக்கொண்டிருந்ததால், விளக்கு அணைந்த அதே கணத்தில் அதுவும் அணைந்துவிட்டது.

"மாப்பிள்ளை, சிஸ்டம் நீலமா நிக்குது. இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு. ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்னு கடைக்காரர் சொல்றார். அடிக்கச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் மாமா, யாரையும் தொட விடாதீங்க. ஆஃப் பண்ணி மூடி வையுங்க. சாயங்காலம் நானே வர்றேன். டேலிக்கு பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்கல்ல?"

"அதெல்லாம் வாரா வாரம் எடுக்கிறேனே, டி டிரைவ்ல."

டி டிரைவ் என்பது அதே ஹார்ட் டிஸ்கின் இன்னொரு பகுதி. வீடு பற்றி எரிந்தால் உதவும் என்று சாவியின் நகலை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு அது. மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய 20-ஆம் தேதி கடைசி நாள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிந்த கணக்கு முழுவதும் அந்த ஒரு வட்டில் இருக்கிறது. ஆகவே லேப்டாப்பை எழுப்புவதற்கு முன் வட்டில் உள்ளவற்றை வெளியே எடுத்தாக வேண்டும் என்பதும், அந்த வரிசை எக்காரணம் கொண்டும் மாறக்கூடாது என்பதும் பேசி முடிப்பதற்குள் எனக்கு உறுதியாகிவிட்டன.

கணினியை அதன் சொந்த வட்டை நம்பாமல் வெளியிலிருந்து தொடங்கவைக்கும் பூட் டிஸ்க் எல்லா நோய்க்கும் மருந்தாகாது. மின்சாரமே ஏறாத கணினிக்கும், திரை இருண்டே கிடக்கும் கணினிக்கும் அதனால் பயனில்லை. எனவே புறப்படுவதற்கு முன் மாமாவை மறுபடி அழைத்து மூன்று கேள்விகள் கேட்டேன். மின்விசிறி சுற்றுகிறதா? தயாரிப்பாளரின் சின்னம் திரையில் வருகிறதா? எஃப்2 விசையை அழுத்திக்கொண்டே இயக்கினால் வரும் பயாஸ் திரையில் ஹார்ட் டிஸ்கின் பெயர் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தது. நீலத்திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கணினியைப் பழுதுபார்க்க வேண்டும் என்ற அறிவிப்பின் கீழே, தொடக்க அமைப்புத் தகவல் காணவில்லை அல்லது பிழையாக உள்ளது என்ற குறிப்பும், சி-யில் தொடங்கி ஆறு பூஜ்யங்களைக் கடந்து எஃப்-இல் முடியும் பிழை எண்ணும் இருந்தன.

அந்தப் படத்தைக் கண்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. இப்போதைய லேப்டாப்களில் மின்சாரம் ஏறியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ என்ற நிலைமென்பொருள். அது வட்டில் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த ஒரு சிறிய பார்ட்டிஷனை, அதாவது பகுதியை, தேடிப் போகிறது. விண்டோஸ் 10 தானே நிறுவிக்கொண்ட கணினிகளில் அதன் அளவு பெரும்பாலும் 100 எம்பி. அங்கிருக்கும் விண்டோஸ் பூட் மேனேஜர், பிசிடி என்ற கோப்பைப் படித்து, விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது, எப்படி ஏற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. மாமாவின் லேப்டாப்பில் இந்தச் சங்கிலி பிசிடி வரை வந்து அறுந்திருக்கிறது; அதாவது பூட் மேனேஜர் எழுந்து பேசுகிறது, அதன் கையிலிருந்த முகவரிச் சீட்டுதான் அழிந்துவிட்டது. பழுதுபார்க்கும் கருவிகள் அதே வட்டின் இன்னொரு மூலையில் ஒளிந்திருக்கும் என்றாலும், அவற்றுக்கு வழி சொல்வதும் அதே சீட்டு என்பதால், வெளியிலிருந்து ஒரு பூட் டிஸ்க் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கு 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றே போதுமானதாக இருந்தது. விண்டோஸ் 98-இன் ஸ்டார்ட்அப் டிஸ்கைச் செருகினால், சிடி-ராம் ஆதரவு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு, நினைவகத்தில் ஒரு போலி வட்டை உருவாக்கி, சுருக்கி வைத்திருந்த கருவிகளை அதில் விரித்துக்கொள்ளும். அந்தப் போலி வட்டு அடுத்த எழுத்தை எடுத்துக்கொள்வதால், வழக்கமாக டி-யாக இருக்கும் சிடி டிரைவ் இ-யாகிவிடும். அது தெரியாமல் டி-யில் சிடியைத் தேடித் தவித்த மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்து இடம்மாறும் இந்த வழக்கம் இன்றும் போகவில்லை, அன்று இரவு மில்லிலும் அது என்னிடம் விளையாடிப் பார்த்தது.

பென்டிரைவில் இரண்டு அமைப்புகளை ஏற்றிக்கொள்ளத் தீர்மானித்தேன். வட்டைப் பரிசோதிக்கவும் கோப்புகளை வெளியே எடுக்கவும், பென்டிரைவிலிருந்தே இயங்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். விண்டோஸைச் சீர்செய்ய விண்டோஸ் 10-இன் நிறுவல் ஐஎஸ்ஓ, அதாவது ஒரு முழு நிறுவல் வட்டையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் நேரடியாகவே பென்டிரைவைத் தயாரித்துத் தரும் என்றாலும், குறைந்தது 8 ஜிபி கொண்ட பென்டிரைவ் முழுவதையும் அழித்துவிட்டு ஒரே ஓர் அமைப்பைத்தான் அதில் வைக்கும். அதனால் அந்தக் கருவியிடம் ஐஎஸ்ஓ கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, பென்டிரைவில் வென்டாய் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். வென்டாய் பென்டிரைவை இரண்டாகப் பிரித்து, பெரிய பகுதியை எக்ஸ்ஃபேட் முறையிலும், தன் சொந்தப் பயன்பாட்டுக்கான 32 எம்பி பகுதியை ஃபேட் முறையிலும் அமைத்துக்கொள்கிறது. அதன்பின் பெரிய பகுதியில் எத்தனை ஐஎஸ்ஓ கோப்புகளை வேண்டுமானாலும் சாதாரணமாக நகலெடுத்துப் போட்டுவிடலாம். கணினி தொடங்கும்போது அவை பட்டியலாக வந்து நிற்கும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது; விண்டோஸ் ஐஎஸ்ஓ அதைத் தாண்டுகிறது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை என்பதும் இதில் ஒரு வசதி. இரண்டு ஐஎஸ்ஓக்களையும் பதிவிறக்குவதற்குள் வீட்டு இணைப்பு சோர்ந்துபோய், கடைசி ஒரு ஜிபியைக் கைப்பேசியின் அன்றாட டேட்டாவிலிருந்துதான் இறக்கினேன்.

முதல் முயற்சி தோற்றது. ஒரு கருத்தரங்கில் இலவசமாகக் கிடைத்த, 64 ஜிபி என்று அச்சிட்ட பென்டிரைவ் மேசையில் கிடந்தது. அதையே எடுத்துப் பயன்படுத்தினேன். என் சொந்தக் கணினியில் செருகிச் சோதித்தபோது வென்டாய் பட்டியல் ஒழுங்காக வந்தது, மின்ட்டும் தொடங்கியது; ஆனால் விண்டோஸ் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்தால் பாதி வழியில் பிழை காட்டி நின்றது. ஐஎஸ்ஓதான் கெட்டிருக்கிறது என்று நினைத்து மீண்டும் பதிவிறக்க இருந்தவன், அதற்கு முன் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையால், ஹார்ட் டிஸ்கில் உள்ள கோப்புக்கும் பென்டிரைவில் உள்ள நகலுக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை எடுத்துப் பார்த்தேன். நகலெடுத்த கையோடு இதைச் செய்தால், கணினி தன் நினைவகத்தில் வைத்திருப்பதையே படித்துவிட்டு இரண்டும் சரி என்று சொல்லிவிடக்கூடும். ஆகையால் பென்டிரைவை முறையாகக் கழற்றி மறுபடி செருகிய பிறகே எடுத்தேன். 64 எழுத்துகள் கொண்ட அந்த இரண்டு வரிகளும் முதல் எழுத்திலேயே பிரிந்து நின்றன. பென்டிரைவின் உண்மையான கொள்ளளவு அச்சிட்டதில் ஒரு பகுதிதான்; அதைத் தாண்டி எழுதியதையெல்லாம் அது வாங்கிக்கொள்வது போல் நடித்திருக்கிறது. கடைத்தெருவுக்குப் போய் ரசீதோடு 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை வாங்கி வந்து, அதே வேலைகளை முதலிலிருந்து செய்தேன். இம்முறை எண்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்தன. இரண்டு அமைப்புகளும் என் கணினியில் இறுதிவரை தொடங்கின. இந்தச் சோதனையை நான் வீட்டில் செய்யாமல் விட்டிருந்தால், அந்தப் போலியை மில் வாசலில்தான் கண்டுபிடித்திருப்பேன்.

மாலை ஆறரைக்கு மில்லை அடைந்ததும், முதல் வேலையாக லேப்டாப்பின் சார்ஜரை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்குக்கு மாற்றினேன். செத்த பேட்டரியோடு பழுதுபார்க்கும்போது மின்சாரம் இன்னொரு முறை போனால், உள்ளதும் போய்விடும்.

பூட் மெனுவுக்கான விசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் விசையை அழுத்தி அதன்பின் எஃப்9. ஆசஸ் லேப்டாப்களில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12 என்றாலும், சில மாடல்களில் அதைப் பயாஸுக்குள் போய் முதலில் அனுமதிக்க வேண்டியிருக்கும். மாமாவின் லேப்டாப்பில் எஃப்12 வேலை செய்தது. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தவுடன், சரிபார்ப்பு தோல்வி, பாதுகாப்பு மீறல் என்று ஓர் அறிவிப்புப் பெட்டி வந்து நின்றதைக் கண்ட மாமாவின் முகம் வாடிவிட்டது. அறிமுகமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் என்ற காவல் இயங்கும் கணினியில் வென்டாய் முதன்முறையாக நுழையும்போது இது நிகழ்வதுதான். சரி என்று அழுத்தி, அடுத்து வரும் திரையில் ஏதேனும் ஒரு விசையை உடனே தட்டி, வட்டிலிருந்து சாவியைப் பதிவுசெய்யும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, வென்டாயின் அந்த 32 எம்பி பகுதியில் இருக்கும் சான்றுக் கோப்பைக் காட்டிவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும். அதே கணினியில் மறுபடி கேட்காது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது சுலபமான வழியாகத் தோன்றும். ஆனால் வட்டு விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தைக் கண்டதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதைக் கையில் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் நான் அந்த வழிக்குப் போவதில்லை.

மின்ட் திரையில் விரிந்ததும் முதலில் திறந்தது டிஸ்க்ஸ் என்ற செயலி. அதிலுள்ள ஸ்மார்ட் தகவல்தான் வட்டின் நாடித்துடிப்பு. கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது வட்டின் சிறு கட்டங்கள், பூஜ்யம். ஆனால் முடிவு தெரியாமல் காத்திருக்கும் செக்டர்கள் 8. இந்த எண் 8 ஆக இருந்தது தற்செயலன்று. இத்தகைய வட்டுகள் உள்ளே 4096 பைட் செக்டர்களாக எழுதிக்கொண்டு, வெளியே 512 பைட் செக்டர்களாகக் காட்டுகின்றன. எனவே உள்ளே ஓரிடம் படிக்க முடியாமல் போனாலும் வெளிக்கணக்கில் எட்டாகத் தெரியும். மின்சாரம் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த இடமாகவே அது இருக்கலாம், வட்டு தேயத் தொடங்கியதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். எதுவாயினும் இப்படிப்பட்ட வட்டில் நகலெடுக்கும் முன் செக்டிஸ்க் போன்ற திருத்தும் கருவிகளை ஓடவிடுவது ஆபத்து. அவை கண்ட இடத்தில் எழுதும், நலிந்த வட்டை மணிக்கணக்கில் துருவும். எண் நூற்றுக்கணக்கில் இருந்திருந்தால், கோப்பு கோப்பாக எடுப்பதையே விட்டுவிட்டு, குனு டிடிரெஸ்க்யூ கொண்டு முழு வட்டையும் ஒரு படிமமாக வேறொரு வட்டுக்கு மாற்றியிருப்பேன். எட்டுக்கு அது தேவைப்படவில்லை.

விண்டோஸ் பார்ட்டிஷன் பாதுகாப்பற்ற நிலையில் இருக்கிறது என்று சொல்லி, மின்ட் அதை வாசிப்புக்கு மட்டுமே திறந்தது. விண்டோஸ் முறையாக மூடப்படாதபோதும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் அரைத்தூக்கத்தில் விடப்பட்டபோதும் இப்படி ஆகும். வலுக்கட்டாயமாக எழுதும் உரிமையோடு திறக்க இணையத்தில் பல வழிகள் சொல்வார்கள். நகலெடுக்க வந்தவனுக்கு வாசிப்பு உரிமை போதும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

எதையெல்லாம் எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் எடுத்துவிட்டு எல்லாம் கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். மாமாவின் மில்லில் ஓடும் டேலி ஈஆர்பி 9, தன் கணக்குகளைப் பயனரின் கோப்புறையில் வைப்பதில்லை. யூசர்ஸ் கோப்புறைக்குள் பப்ளிக் என்ற பொதுக் கோப்புறையில், டேலியின் பெயரில் உள்ள அறையைத் திறந்து, அதில் டேட்டாவுக்குள் போனால், 10000, 10001 என்று வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புறைகள் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு நிறுவனத்தின் கணக்கு. அவற்றின் மொத்த அளவு ஒரு கல்யாண வீடியோவின் ஒரு நிமிடத்துக்குக்கூட வராது; மாமாவின் ஆண்டுக்கணக்கான வரவு செலவு முழுவதும் அவற்றுள் இருந்தது. அந்த டேட்டா கோப்புறையையும், டி டிரைவில் இருந்த பேக்கப்பையும், பிறகு படங்களையும் ஸ்கேன் செய்த பட்டாக்களையும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்தேன். நகல் முடிந்ததும் என் லேப்டாப்பில், உரிமம் இல்லாமல் கல்வி முறையில் இயங்கும் டேலியில், நகலைத் திறந்து காட்டினேன். முந்தைய நாள் மாலையில் பதிந்த, தவிடு விற்ற ரசீதுதான் கடைசிப் பதிவு. அதைத் தன் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாமா காபி கொண்டுவரச் சொன்னார்.

இனி விண்டோஸ். அதே பென்டிரைவிலிருந்து விண்டோஸ் ஐஎஸ்ஓவைத் தொடங்கி, மொழித் தேர்வுத் திரையைக் கடந்ததும், நிறுவு என்ற பொத்தானைத் தொடாமல், மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் பழுதுபார்ப்பு இணைப்பைத் தேர்ந்தெடுத்தேன். தானியங்கிப் பழுதுநீக்கம் ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, தன்னால் முடியவில்லை என்றது. அது வெற்றி பெற்று நான் பார்த்த சந்தர்ப்பங்கள் குறைவு. ஆனாலும் முதலில் அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது என் வழக்கம். அடுத்துக் கட்டளைத் திரை. அங்கே எக்ஸ் என்ற எழுத்து வரவேற்கிறது. நிறுவல் சூழல் நினைவகத்தில் உருவாக்கிக்கொண்ட வட்டு அது, அந்தக் காலத்து ஃபிளாப்பியின் போலி வட்டுக்குப் பேரன்.

டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டபோது எழுத்துகள் இடம்மாறியிருந்தன. மாமாவின் டி டிரைவ் இங்கே சி ஆகியிருந்தது. விண்டோஸ் இ-யில் இருந்தது. பழக்கதோஷத்தில் சி என்று நம்பிக் கட்டளை கொடுத்திருந்தால், இல்லாத விண்டோஸை அது தேடியிருக்கும். ஒவ்வோர் எழுத்தின் உள்ளடக்கத்தையும் பட்டியலிட்டு, விண்டோஸ் கோப்புறை கண்ணில் பட்ட இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன். தொடக்கப் பார்ட்டிஷனைத் தேடியபோது இன்னொரு கண்ணி இருந்தது. பட்டியலில் ஃபேட் வகைச் சிறு பார்ட்டிஷன்கள் இரண்டு நின்றன. ஒன்று 100 எம்பி, மற்றொன்று 32 எம்பி. பின்னது என் பென்டிரைவில் வென்டாய் வைத்திருந்தது. அளவு பார்த்து 100 எம்பி பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து அதற்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்தேன்.

எஸ்-க்குள் இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட் என்று இறங்கிப் பார்த்தால், பிசிடி கோப்பு பெயரளவில் இருந்தது. அளவு 0 பைட். பூட்ரெக் கருவியின் ஃபிக்ஸ்பூட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். யுஇஎஃப்ஐ கணினிகளில் பலரும் காணும் அனுமதி மறுக்கப்பட்டது என்ற பதில்தான் எனக்கும் வந்தது. அதோடு மல்லுக்கட்டாமல், அட்ரிப் கட்டளையால் பிசிடி கோப்பின் மறைவு, சிஸ்டம் பண்புகளை நீக்கி, அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவைத்தேன். அந்தப் பார்ட்டிஷனையே ஃபார்மட் செய்யச் சொல்பவர்களும் உண்டு; தயாரிப்பாளரின் சோதனைக் கருவிகளும் சில கணினிகளில் அங்கேதான் இருக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிறகு பிசிடிபூட் என்று தட்டி, ஓர் இடம் விட்டு இ டிரைவில் உள்ள விண்டோஸ் கோப்புறையின் முகவரியைக் கொடுத்து, சாய்கோட்டுடன் எஸ் என்ற விருப்பத்துக்கு எஸ் டிரைவையும், சாய்கோட்டுடன் எஃப் என்ற விருப்பத்துக்கு யுஇஎஃப்ஐ என்பதையும் சேர்த்து என்டர் தட்டினேன். விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே இருக்கும் மூலப் பிரதிகளிலிருந்து தொடக்கக் கோப்புகளை எடுத்து, எஸ்-இல் வைத்து, புதிய பிசிடியையும் எழுதிவிடும் கட்டளை அது. இரண்டு நொடிக்குள், தொடக்கக் கோப்புகள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்று ஒற்றை வரி வந்தது. பென்டிரைவைக் கழற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தோம். வட்டப் புள்ளிகள் சுற்றின, புதுப்பிப்பு பின்வாங்கப்படுகிறது என்ற அறிவிப்போடு ஏறக்குறைய அரை மணி நேரம் கழிந்தது, அதன்பின் கடவுச்சொல் கேட்டது. மணி அப்போது ஒன்பதே கால்.

எல்லாம் வெளியே பத்திரமாக இருந்ததால் இப்போது செக்டிஸ்கைத் துணிந்து ஓடவிட்டேன். சில சிறு பிழைகளைத் திருத்திக்கொண்டது. காத்திருக்கும் செக்டர் எட்டும் மறுவாரத்தில் 24 ஆகிவிட்டிருந்தன. 3பி தாக்கல் முடிந்த கையோடு அந்த வட்டை ஓய்வுக்கு அனுப்பி, எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி விண்டோஸைப் புதிதாக நிறுவினேன், பேட்டரியையும் மாற்றினோம்.

பென்டிரைவை மில்லிலேயே விட்டுவந்தேன். ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, எஃப்12 என்று எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தபோது, மாமா அதைக் கல்லாப்பெட்டியில் மில் சாவிக்கொத்தோடு போடப் போனார். நான் தடுத்து, நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்பை அணைக்கச் சொல்லி, பென்டிரைவைச் செருகி அவரையே தொடங்கச் சொன்னேன். முதல் முறை எஃப்12-ஐத் தாமதமாக அழுத்தினார், விண்டோஸ் வந்துவிட்டது. இரண்டாம் முறை எஃப்11-ஐ அழுத்தினார். மூன்றாம் முறை வென்டாயின் பட்டியல் வந்து நின்றது.

"இதுல மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா, மாப்பிள்ளை?"

"மேல இருக்கிறது மாமா. முதல்ல காப்பி, அப்புறந்தான் ரிப்பேர்."